ஐஸ் எப்படிக் கல்லை அறுக்கும்?

முதலாம் ஆண்டில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு வகுப்பே சிரித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பனியாறு மலையைக் குடைந்து பள்ளத்தாக்கு உண்டாக்கும் என்று சார் நடத்தினார். "ஐஸை விடக் கல்லுதானே சார் கெட்டி, அது எப்படி அறுக்கும்?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்புச் சத்தத்தில் சார் சொன்ன பதில் காதில் விழவில்லை. மறுபடி கேட்கவும் கூச்சம்.

என் அப்பா அம்மி கொத்துகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். "ஏலே, வெறுங்கையால தடவினா அம்மி தேயுமா? குழவியப் புடிச்சு இழுத்தாத்தான் தேயும். ஒன் ஐஸுக்குள்ள கல்லு கெடக்கும், பாரு" என்றார். புத்தகத்தைப் புரட்டினேன். அதேதான் போட்டிருக்கிறது!

இதற்குச் சாட்சி தேடி இமயமலை போக வேண்டாம், நம் குற்றாலம் போதும். பேரருவித் தண்ணீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பெரிய குழியில் விழுந்து, பொங்கி, அப்புறம்தான் கீழே வருகிறது. அருவிப் பாறையில் இப்படிக் குழி விழுவதற்கு வெறும் தண்ணீர் மட்டும் காரணமல்ல. வெள்ளத்தில் வரும் கற்கள் உள்ளே சிக்கி, ஆட்டுரல் குழவி மாதிரி சுழன்று சுழன்று அரைக்கின்றன. (வெள்ளம் வந்தால் குளிக்க விடவில்லையே என்று முணுமுணுக்கிறோம். தண்ணீரோடு கல்லும் கட்டையும் வருவதை மறந்துவிடுகிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரையே கொண்டுபோனது.)

குற்றாலம் ஆட்டுரல் என்றால் பனியாறு அம்மி. வருஷக்கணக்கில் விழும் பனி, மேலே மேலே சேர்ந்து அமுங்கி ஐஸாக இறுகுகிறது. கனம் கூடினால் அந்த ஐஸே பாகு போல மெல்ல வழிய ஆரம்பிக்கிறது. அடியில் உருகிய நீர் இருந்தால் மொத்தமாக வழுக்கவும் செய்யும். அந்த நீர் பாறை வெடிப்புக்குள் புகுந்து உறையும்போது, ஆப்பு அடித்தது போலக் கல் பெயர்கிறது. பெயர்ந்த கல்லை ஐஸ் கவ்விக்கொண்டு, தன் முழுக் கனத்தோடு தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது. ஆறு தன் படுகையை மட்டும் ஆழமாக வெட்டும்; ஆகவே மலையில் 'வி' வடிவப் பள்ளத்தாக்கு. பனியாறோ பள்ளத்தாக்கையே அடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தேய்ப்பதால் 'யு' வடிவம். சுமார் 30 கி.மீ. நீளமுள்ள கங்கோத்ரி பனியாற்றிலிருந்து கோமுகத்தில் வெளிவரும் பாகீரதி கலங்கி வெளுத்திருப்பது ஏன் தெரியுமா? அரைபட்ட கல் மாவு!

இன்னொரு ஆச்சரியம். மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் பக்கம் இரை என்றொரு ஊர். வெயிலுக்குப் பேர்போன இடம். அங்கே பனியாறு கீறிய கோடுகள் பாறையில் இருப்பதை 1870-களில் கண்டுபிடித்தார்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருந்த காலத்துக் கோடுகள் அவை.

இந்த மாதிரிக் கோடு விழுந்த பாறைப் படம் ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கோட்டின் வழியே விரலை ஓட்டினார். "இந்த வாக்குலல்லாலே இழுத்திருக்கு!" என்றார். பனியாறு போன பாதையை அந்தக் கோடுகளை வைத்துத்தான் நிலவியல் அறிஞர்களும் சொல்கிறார்கள்.