இணையத்தில் வாங்கும் துப்பாக்கிக்கு உள்ளூர்க் கடையில் எதற்குப் பணம்?

அமெரிக்காவில் துப்பாக்கிச் சைலன்சர் வாங்குவோர் 1934 முதல் கட்டிவந்த 200 டாலர் மத்திய வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தில் வந்த மாற்றம் இது. இதையொட்டி, அமெரிக்காவில் வாழும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான்: ‘அப்படியென்றால் துப்பாக்கிக் கடையில் கேட்கும் டிரான்ஸ்ஃபர் கட்டணமும் இனி கிடையாதா?’

உண்டு. வரி அரசுக்குப் போகிறது. டிரான்ஸ்ஃபர் கட்டணம் கடைக்காரருக்குப் போகிறது. ஒன்று நின்றால் மற்றது நிற்காது. சாதாரணக் கைத்துப்பாக்கிக்கு அந்த 200 டாலர் வரி இருந்ததே இல்லை.

வெளிமாநில விற்பனையாளரிடம் வாங்கிய துப்பாக்கி வீட்டுக்கு வராது; லைசென்ஸ் பெற்ற உள்ளூர்க் கடைக்குத்தான் வரும். அங்கே பின்னணிச் சோதனை நடத்திக் கைமாற்றித் தருவதற்கான கூலியே டிரான்ஸ்ஃபர் கட்டணம். அதிபர் கென்னடியைக் கொன்ற ரைஃபிள், 1963-இல் சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயருக்குத் தபாலில் வந்தது. அந்த வழியை 1968 சட்டம் அடைத்தது. ‘இணையத்தில் வாங்கும் துப்பாக்கிகள் எல்லாம் சோதனைக்குப் பிறகே கைக்கு வருகின்றன’ என்று விற்பனைத் தரப்பு சொல்வது பாதி உண்மைதான். ஒரே மாநிலத்தைச் சேர்ந்த இரு தனிநபர்கள் இணைய விளம்பரம் பார்த்து நேரில் சந்தித்துக் கைமாற்றிக்கொண்டால், மத்திய சட்டம் எந்தக் கடையையும் கேட்பதில்லை. பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் அந்த ஓட்டையை அடைத்திருக்கின்றன. பல மாநிலங்கள் அடைக்கவில்லை.

கட்டணத்துக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைக்கவில்லை. பெரும்பாலான ஊர்களில் 20 முதல் 50 டாலர் கேட்கிறார்கள். 100 டாலரைத் தொடும் கடைகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் இரு தனிநபர்களுக்கு இடையிலான கைமாற்றத்துக்குக் கடைக்காரர் 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. இணைய நிறுவனத்திடம் வாங்கிய துப்பாக்கிக்கு அந்த வரம்பு பொருந்தாது.

கடைக்காரர் இந்தப் பணத்துக்கு என்ன செய்கிறார்? பார்சலைப் பிரித்து, இரும்பில் பொறித்த வரிசை எண்ணைச் சரிபார்த்து, மறு வேலை நாளுக்குள் பதிவேட்டில் ஏற்றுகிறார். வாங்குபவர் 4473 என்ற படிவத்தில் பிறந்த ஊர், உயரம், எடை எழுதி, ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?’ என்பதில் தொடங்கும் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று குறித்துக் கையெழுத்திடுகிறார். அந்தத் தாளைக் கடை மூடும் காலம்வரை கடைக்காரர் பத்திரப்படுத்த வேண்டும். எழுத்தில் பிழை இருந்தால் ஆய்வாளரிடம் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. விற்பனை லாபமோ வேறொருவருக்கு. நியாயமான கட்டணத்தைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாமல், பார்சல் வந்த பிறகு சொல்வது தவறு.

பின்னணிச் சோதனை இலவசம் என்று எஃப்.பி.ஐ. சொல்கிறது. எழுத்து வேலையைக் கடைக்காரர் செய்கிறார், அதற்கு வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார் என்பதால் அந்த ‘இலவச’த்தை அப்படியே ஏற்க முடியாது. சோதனையைத் தாங்களே நடத்தும் சில மாநிலங்கள் நேரடியாகவே வசூலிக்கின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் துப்பாக்கிச் சோதனை ஒன்றுக்கு 9 டாலர்.

என்னை உறுத்துவது பணம் அல்ல, அந்தச் சோதனைக்குள் இருக்கும் ஒரு விதி. எஃப்.பி.ஐ.யிடமிருந்து மூன்றில் ஒரு பதில் வரும்: கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது, பொறுங்கள். ‘பொறுங்கள்’ என்று வந்து, அதன்பின் மூன்று வேலை நாட்கள் முழுதாகக் கழிந்தும் முடிவு வராவிட்டால், கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். கொடுத்தாக வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை, கொடுக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. அரசு பதில் சொல்லாத இடத்தில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் முடிவெடுக்கிறார். அவருக்கோ கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

இதன் விலையைத் தெற்குக் கரோலினா கொடுத்தது. 2015 ஏப்ரல் 11, சனிக்கிழமை. 21 வயது இளைஞன் ஒருவன் கடையில் கைத்துப்பாக்கி கேட்டான். இணைய வாங்கல் அல்ல, ஆனால் சோதனை இதே சோதனைதான். போதைப்பொருள் வழக்கில் அவன் கொடுத்திருந்த ஒப்புதல், விற்பனையைத் தடுக்கப் போதுமானது. ஆனால் கைது செய்த காவல் துறை எது என்பதில் பதிவு குழம்பிக் கிடந்ததால், எஃப்.பி.ஐ. ஊழியர் வேறு அலுவலகத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். திங்கள், செவ்வாய், புதன் கழிந்தன. வியாழக்கிழமை, ஏப்ரல் 16 அன்று, கடை துப்பாக்கியைக் கொடுத்தது. சட்டப்படி அதில் பிழையில்லை. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் தேவாலயத்தில் வேத வாசிப்புக்குக் கூடியிருந்தவர்களில் ஒன்பது பேரை அவன் சுட்டுக் கொன்றான். அவன் கைக்குத் துப்பாக்கி போயிருக்கக் கூடாது என்பதை அப்போதைய எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி அடுத்த மாதம் ஒப்புக்கொண்டார்.

இப்படிக் கொடுக்கப்பட்ட பிறகு தடை தெரியவந்தால், துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் அதிகாரிகள் துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போக வேண்டும். 88 நாளிலும் முடியாத கோப்பை எஃப்.பி.ஐ. அழித்துவிடுகிறது. 2022 சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் தேவைப்பட்டால் 10 வேலை நாள்வரை அவகாசம் தந்தது. சார்ல்ஸ்டன் கொலையாளியின் வயதுக்கு அது பொருந்தாது. தெளிவான அனுமதி வராமல் கொடுப்பதில்லை என்று தாங்களாகவே முடிவெடுத்த கடைகள் உண்டு. பத்து டாலர் கூடுதலாகக் கேட்டாலும் அப்படிப்பட்ட கடைக்குத்தான் நான் போவேன்.

மற்றக் கேள்விகள்:

ஹெச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் வாங்கலாமா? பொதுவாகக் கூடாது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

கிரீன் கார்டு உள்ளவர்? வாங்கலாம், மாநிலச் சட்டத்தைத் தனியே பாருங்கள்.

நண்பருக்காக நான் கையெழுத்திடலாமா? கூடாது; நண்பர் துப்பாக்கி வாங்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தே வாங்கினால் 2022 சட்டப்படி 15 ஆண்டுவரை சிறை.

சோதனையில் நிராகரித்தால் கட்டணம் திரும்புமா? கடையைப் பொறுத்தது; திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில் விழலாம். பணம் கட்டுமுன் கேளுங்கள்.

வரி போனதால் சைலன்சருக்கு விண்ணப்பமும் வேண்டாமா? வேண்டும், கைரேகை, புகைப்படம், ஏ.டி.எஃப். ஒப்புதல் எல்லாம் தொடர்கின்றன.

மூன்று நாள் விதி எல்லாருக்கும் மாறுமா? அவகாசத்தைக் கூட்டும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2021 மார்ச்சில் நிறைவேற்றியது, செனட் நிறைவேற்றவில்லை.