மின்னஞ்சலில் மடல் விடுக்கும் முறை

பழைய மாணவர் சங்கம் ஒன்றிற்கு அதன் செய்தி மடல் உயிர் போன்றது. கல்லூரியை விட்டுப் பல திசைகளிற் சென்று வாழ்வோரை ஆண்டில் இரண்டொரு முறையேனும் ஒருங்கு சேர்ப்பது அதுவே. முன்னாளில் அதனை அச்சிற் பதித்து, உறையிலிட்டு, முத்திரை ஒட்டி அனுப்பினோம். இந்நாளில் மின்னஞ்சலில் விடுக்கின்றோம். செலவு குறைந்தது, காலமும் சுருங்கியது. ஆயினும் முன்னாளில் இல்லாத இடர் ஒன்று தோன்றியுள்ளது. அச்சிட்ட தாள் யார் கையிற் சேரினும் அதே தாளாகவே இருக்கும். மின்னஞ்சலிற் செல்லும் மடலோ பெறுவோரது கணினியில் மறுபடியும் உருப்பெறல் வேண்டும். அக்கணினி எமது கணினியைப் போன்றதன்றாயின், அங்கே தோன்றுவது யாம் எழுதிய மடலாய் இராது.

இதனை யாம் பட்டறிந்தே கற்றோம். எமது ஆசிரியப் பெருந்தகை ஒருவர் சிவபதமடைந்த செய்தியையும், அவரது நினைவுக் கூட்டம் நிகழும் நாளையும் தாங்கிய மடலொன்றை முன்னொருகால் அனுப்பினோம். வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவர் அதனைத் திறந்தபோது, தமிழெழுத்து ஒன்றையேனும் காணாது, ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் விரவிக் கிடக்கவே கண்டார். கூட்டம் முடிந்து ஒரு திங்கள் சென்ற பின்னரே அவர் செய்தியறிந்தார். "மடல் வந்தது, படிக்க முடியவில்லை" என்று அவர் எழுதிய ஒரு வரி எம்மை நாணச் செய்தது.

இதன் காரணம் யாது? கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. அவ்வெழுத்துக்கு உரிய எண்ணையே சேமிக்கின்றது. எம் நாட்டிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தது. 'அம்மா' என்னும் சொல் அம்முறையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே கோப்பிற் கிடக்கும். பாமினி உள்ள கணினி அதனை 'அம்மா' எனக் காட்டும். இல்லாத கணினி அவ்வைந்து குறிகளையே காட்டும். 1991ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த யூனிக்கோட் முறையிலோ தமிழுக்கென 128 இடங்கள் தனியே ஒதுக்கப்பெற்றுள்ளன. அம்முறையில் எழுதிய தமிழ் எங்கு சென்றாலும் தமிழாகவே இருக்கும். ஆதலின் மடல் எவ்வகைக் கோப்பாயினும், முதற்கண் அது யூனிக்கோட்டில் எழுதப்பெறல் வேண்டும்.

இனிக் கோப்பு வகைகளை நோக்குவோம். பலர் வேர்ட் கோப்பையே அனுப்பிவிடுகின்றனர். அஃது எழுதுவோர்க்கும் திருத்துவோர்க்கும் ஏற்றது, படிப்போர்க்கென அமைந்ததன்று. பெறுவோரது கணினியில் எமது எழுத்துரு இல்லையாயின் வேறொன்று வந்து புகும், வரிகள் மாறும், படங்கள் இடம் பெயரும். மேலும், 2007ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த புதிய வேர்ட் கோப்பினைப் பழைய பதிப்புக்கள் துணைக்கருவி இன்றித் திறக்கமாட்டா.

பி.டி.எவ். என்னும் வகை 1993இல் அடொபி நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்று, 2008இல் சர்வதேசத் தராதரமும் ஆயிற்று. பக்கத்தை உள்ளவாறே காப்பது இதன் இயல்பு. எழுத்துருவையும் கோப்பினுள்ளேயே பொதிந்து அனுப்பலாமாதலின், பெறுவோரிடம் அவ்வெழுத்துரு இல்லாவிடினும் குறையில்லை. வின்டோஸ், அப்பிள், லினக்ஸ் ஆகிய எக்கணினியிலும் அதனைத் திறக்கலாம். ஆயினும் இதற்கும் குறைகள் உள. அகன்ற தாளில் இரண்டு பத்திகளாக அமைத்த பக்கம் கைத்தொலைபேசியின் சிறு திரையில் எறும்பு ஊர்ந்தாற்போலத் தோன்றும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக நகர்த்த நேரிடும். அச்சுத்தாளைப் படம்பிடித்துக் கோப்பாக்கி அனுப்பினாலோ, அதிற் சொல்லைத் தேடவும் இயலாது; கண்பார்வை குன்றியோர்க்கு வாசித்துக் காட்டும் கருவிக்கும் அது வெறும் படமே.

கோப்பின் பருமனும் கருதற்பாலது. மின்னஞ்சல் ஆதியில் வெறும் எழுத்துக்களுக்கென அமைந்தது. ஆதலின் இணைப்பாகச் செல்லும் கோப்பின் மூன்று பைற்றுக்கள் வழியில் நான்கு எழுத்துக்களாக மாற்றப்பெறுகின்றன. பருமன் மூன்றிலொரு பங்கு மிகுகின்றது. படங்களைச் சுருக்கி, மடலை 2 மெகாபைற்றுக்குள் அடக்குதல் நன்று. குறைந்த கட்டணத்தில் இணையம் பெறும் கிராமத்து அன்பரும் எம்மவரே.

வண்ணமும் படமும் கொண்ட இணையப் பக்கம்போல அஞ்சலையே அமைத்து விடுப்பாரும் உளர். அதனை ஒவ்வோர் அஞ்சற் செயலியும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். சில, பெறுவோர் இசைந்தாலன்றிப் படங்களைக் காட்டா. எளிய எழுத்தாக எழுதிய அஞ்சலோ அழகிற் குறைந்ததாயினும் எங்கும் திறக்கும். திரைக்கேற்ப வரி மடங்கும். வேண்டியவாறு பெரிதாக்கவும் படும்.

ஆகவே யாம் கைக்கொண்ட முறை இது. மறைவுச் செய்தி, கூட்டம் நிகழும் நாள், இடம் என்பன போன்ற இன்றியமையாதனவற்றை அஞ்சலின் உடலிலேயே யூனிக்கோட் தமிழில் எளிய எழுத்தாக எழுதுகின்றோம். முழுமடலை ஒரே பத்தியாக, பெரிய எழுத்தில், எழுத்துருப் பொதிந்த பி.டி.எவ். கோப்பாக இணைக்கின்றோம். எல்லார்க்கும் விடுக்குமுன் பழைய கணினி ஒன்றிற்கும், அப்பிள் கணினி ஒன்றிற்கும், கைத்தொலைபேசி ஒன்றிற்கும் அனுப்பிப் பார்க்கின்றோம். எமது கணினியில் நன்றாய்த் தோன்றுதல் சான்றாகாது. பெறுவோர் கணினியில் தோன்றுதலே சான்று.

இவ்விழா மலருக்கெனப் பழைய மடல்களைத் தேடியபோது வேறொன்றும் உணர்ந்தோம். கணினி வாராத காலத்து அச்சுத்தாள்கள் மஞ்சளித்திருந்தும் எளிதிற் படிக்கப்பட்டன. அவற்றிற்குப் பின்னர்க் கணினியில் எழுதிய சில மடல்களோ, எந்த எழுத்துருவில் எழுதியவை என்று அறிய மாட்டாமையாற் குறிக்கூட்டமாய்க் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து யூனிக்கோட்டுக்கு மாற்றி வருகின்றோம். அன்பர்களிடம் அத்தகைய பழைய கோப்புக்கள் இருப்பின் எழுத்துருவின் பெயரோடு எமக்கு அனுப்பி உதவுவார்களாக. அடுத்த விழா மலரை ஆக்குவோர் எமது எழுத்தைப் படிக்க முடியாது திகைத்தல் ஆகாது.