உபகார நிதியும் லத்தீன் நர்த்தனமும்

வெனிசுவேலாவின் கராகஸ் நகரில், மெக்ஸிகோ தேசத்துக் காளைப்போர் வீரரொருவரின் புதல்வியாய்ப் பிறந்து, நியூயார்க்கிலே நர்த்தகியாய் விளங்கிய டீனா ராமிரெஸ் அம்மையார், வசதி குறைந்த லத்தீன் குடும்பத்துப் பிள்ளைகளும் முறையாக நடனம் பயில வேண்டுமென்னும் ஆவலால் 1970-ஆம் ஆண்டில் தோற்றுவித்த ஸ்தாபனமே 'பாலே ஹிஸ்பானிகோ'. முன்னாளில் குதிரை வண்டிகள் நின்ற கொட்டகைகளே பிற்பாடு அதன் பயிற்சிக்கூடங்களாயின. அது நடத்தும் உதவிநிதி விழாக்களில், தனவந்தர்கள் விருந்துண்டு, கலைஞர்களின் ஆட்டத்தைக் கண்டு களித்து, பின்னர் தாமும் சல்ஸா இசைக்கு அடியெடுத்து வைக்கத் துணிவதுண்டு. ஆட்டம் எப்படியிருந்தாலென்ன, காசோலை செல்லுமல்லவா! சேரும் திரவியம் மாணாக்கரின் உபகாரச் சம்பளத்துக்கும் கலைஞர்களின் ஜீவனத்துக்கும் உதவுகிறது. டிக்கெட் வசூலை மாத்திரம் நம்பி நடனக் குழு பிழைப்பது அரிது. அம்மையாருக்கு 2005-இல் அமெரிக்க அரசாங்கம் தேசியக் கலைப் பதக்கம் வழங்கியது.