விழுந்தபின் கை கால் மரத்துப்போனால்: எம்ஆர்ஐ ஸ்கேன் என்ன சொல்லும்?

வழுக்கி விழுந்தபின் கையோ காலோ மரத்துப்போனால், காயம் கழுத்துக்குள் இருக்கலாம். மூளையின் கட்டளைகளைக் கை கால்களுக்குக் கொண்டுசெல்வது தண்டுவடம். தொடுதல், வலி, சூடு ஆகியவற்றை மூளைக்குத் தெரிவிப்பதும் அதுவே.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லையே?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும்; தண்டுவடத்தைக் காட்டாது. வயதாகும்போது கழுத்தெலும்பு தேய்ந்து, தண்டுவடம் செல்லும் பாதை குறுகலாம். அந்நிலையில் முகம் அடிபட விழுந்து கழுத்து பின்னோக்கி வளைந்தால், எலும்பு முறியாமலேயே தண்டுவடம் நசுங்கக்கூடும். அப்போது கால்களைவிடக் கைகள் அதிகம் பலவீனமடையலாம். தண்டுவடத்தின் வீக்கம், இரத்தக்கசிவு, அழுத்தம் ஆகியவற்றை எம்ஆர்ஐ ஸ்கேன் காட்டும்.

ஸ்கேன் மட்டும் போதுமா?

போதாது. எவ்வளவு உணர்வு எஞ்சியுள்ளது என்பதை உங்களால்தான் சொல்ல முடியும். மருத்துவர் பஞ்சாலும் ஊசிமுனையாலும் உடலின் பல இடங்களைத் தொட்டுப் பார்ப்பார். ஆசனவாய்ப் பகுதியையும் சோதிப்பார். கூச்சப்படாதீர்கள். அங்கு உணர்வு இருந்தால், தண்டுவடத் தொடர்பு முழுமையாக அறுபடவில்லை என்று பொருள். ஓரளவு குணமடையும் வாய்ப்பும் அதிகம். இலேசாக உணர்ந்தாலும் சொல்லுங்கள்.

மூளையை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள்?

மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடும். அந்த மாற்றத்தைக் காட்டும் எம்ஆர்ஐ முறையை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கால் அசையாத ஒருவரிடம் பாதத்தை அசைக்க முயலச் சொல்வார்கள். காயம் பட்டுப் பல ஆண்டுகள் ஆனபின்னும், அசைவுக்கான மூளைப் பகுதி செயல்படுவதை ஸ்கேனில் காண முடிந்திருக்கிறது. கட்டளை பிறக்கிறது, வழியில்தான் தடைபடுகிறது. இது ஆய்வுக்கான முறை, சிகிச்சை அன்று.

ஸ்கேனுக்கு முன்

• பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு, உடலில் பொருத்திய மற்ற உலோகங்கள் பற்றிச் சொல்லுங்கள்.
• தாலி, மெட்டி, தோடு, காது கேட்கும் கருவி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.
• இயந்திரம் பலமாகத் தட்டுவதுபோல் ஒலிக்கும். அசையாமல் படுத்திருங்கள். சிரமமாக இருந்தால் கையில் தரப்படும் பொத்தானை அழுத்துங்கள். கையால் அழுத்த முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உடனே 995ஐ அழையுங்கள்

விழுந்தபின் கழுத்துவலி, மரத்துப்போதல், கை கால் பலவீனம், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காதீர்கள். உதவி வரும்வரை கழுத்தை அசைக்காதீர்கள். உங்களைத் தூக்கி உட்காரவைக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.