சேமித்த பாஸ்வேர்டு: பழைய போனை விற்கும் முன் உஷார்!

செல்போனில் பாஸ்வேர்டு போட்டதும் 'சேமிக்கவா?' என்று கேட்கும். பலரும் யோசிக்காமல் 'சரி' கொடுத்து விடுகிறார்கள். ஆனால் அது அந்த போனோடு நிற்பதில்லை. கூகுள் கணக்கில் போய் உட்கார்ந்து கொள்கிறது. அதே கணக்கில் குரோமை பயன்படுத்தும் பழைய போன், வீட்டு கம்ப்யூட்டர், ஆபீஸ் லேப்டாப் என எல்லாவற்றிலும் அது கிடைக்கும்.

புது போனுக்கு கைரேகை பூட்டு போட்டுவிட்டு, குழந்தைக்கு விளையாட கொடுத்த பழைய போனை பூட்டாமல் விட்டால் அத்தனையும் அம்போதான்.

என்ன செய்யணும்?

* எல்லா கருவிக்கும் ஸ்கிரீன் லாக் போடுங்கள். 1234, பிறந்த வருடம் வேண்டாம்.

* கூகுள் கணக்கின் பாதுகாப்பு பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியல் இருக்கும். இப்போது கையில் இல்லாத கருவியை 'சைன் அவுட்' செய்யுங்கள்.

* பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடையில் பாஸ்வேர்டை சேமிக்கவே கூடாது. வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்யணும்.

* போனை விற்கும் முன் கணக்கை நீக்கி, 'பேக்டரி ரீசெட்' செய்யுங்கள்.

* கணக்குக்கு 2 கட்ட சரிபார்ப்பு வையுங்கள். போனே தொலைந்தால் அதற்கு வரும் ஓ.டி.பி.யை எப்படி பார்ப்பது? அதற்காக கூகுள் 10 'பேக்கப் கோடு' தருகிறது. பேப்பரில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

போன் தொலைந்தால்...

வேறு போனில் கணக்கை திறந்து, தொலைந்த போனை முதலில் வெளியேற்றணும். அடுத்து கூகுள் பாஸ்வேர்டையும், பேங்க் பாஸ்வேர்டையும் மாற்றணும். சிம் கார்டையும் முடக்கணும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்கணும்.