நேர்முகப் பரீட்சையில் நின்றுவிடும் பிள்ளைகள்

ஓட்டிசம் உள்ள பலருக்கு எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது கடினம். நேர்முகப் பரீட்சையில் அது திமிராகவே கணக்கிடப்படுகிறது. ஆடைத் தொழிற்சாலையொன்றில் இயந்திரத்தின் முன் அமர்த்தி ஒரு கொலரைத் தைக்கச் சொன்னால் கைத்திறன் தெரிந்துவிடுமே, சகோதரிகளே!

அரச வேலைகளில் 3 சதவீதத்தை வலுவிழந்தோருக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இல் வந்தது. வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஆனால், வெளியே தெரியாத இந்நிலைமையை, மகளின் கலியாணம் தடைப்படுமென்று தாய்மாரே மறைக்கிறார்கள். (அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.) சொல்லாவிட்டால் சட்டத்தின் துணையைக் கேட்பதெப்படி?

வேலையில் சேர்ந்தபின் வேண்டியவை சிறியவை. வேலைகளை வாயால் அடுக்காமல் எழுதிக் கொடுக்கலாம். இரைச்சல் குறைந்த பக்கத்தில் இடம் தரலாம். நாளைய வேலைநேர மாற்றத்தை இன்றே சொல்லிவிடலாம்.