புற்றுநோயாளியின் தசை கரைவது ஏன்?
புற்றுநோயாளி மெலிவதைக் கண்டு, சரியாக உணவளிக்கவில்லையோ என வீட்டார் வருந்துவதுண்டு. அது பெரும்பாலும் காரணமன்று. புற்றுக்கட்டியும் அதை எதிர்க்கும் நோய் எதிர்ப்புச் செல்களும் இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்களை இரத்தத்தில் கலக்கின்றன. இச்சமிக்ஞை எட்டியதும் தசைச் செல் தன் புரதத்தைத் தானே சிதைக்கத் தொடங்குகிறது. புதிய புரதம் உருவாவதும் குறைகிறது. ஜிடிஎஃப்-15 என்னும் மற்றொரு புரதம் மூளையில் செயல்பட்டுப் பசியை அடக்குகிறது. ஆகவே, கல்வராயன் மலையில் விளையும் சாமையைக் கஞ்சியாக்கி எவ்வளவு ஊட்டினாலும், உணவால் மட்டும் தசை முழுமையாக மீளாது. வற்புறுத்த வேண்டா; முட்டை, பருப்பு முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். தசை கரைந்தால் சிகிச்சையைத் தாங்கும் வலிமையும் குறையும். ஆறு மாதங்களில் எடை 5 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உடனே தெரிவியுங்கள்.